விமானத் தொழிலை ஒரு வட்டாரத்துக்கு வரவழைத்தல்: சலுகை அறிவிக்கும் முன் எவை அமைந்திருக்க வேண்டும்?

ஆய்வுக்குறிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விமானம், விண்வெளி, நுண்பொறியியல் ஆகிய துறைகளைச் சேர்ந்த நிறுவனங்களை ஒரு வட்டாரத்துக்கு முதலீட்டுடன் வரவழைப்பதற்கான திட்ட அறிக்கையைத் தயாரிக்கும் குழுவில் பணியாற்றுகிறேன். எங்கள் வரைவின் பெரும்பகுதி நிலம், வரிச்சலுகை, மின்கட்டணத் தள்ளுபடி, ஒற்றைச் சாளர அனுமதி ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறது. போட்டியிடும் வட்டாரங்கள் எல்லாமே ஏறக்குறைய இவற்றைத்தான் முன்வைக்கின்றன என்னும்போது, ஒரு நிறுவனம் ஓரிடத்தைத் தேர்ந்து மற்றோரிடத்தை விடுவதற்கு உண்மையான காரணம் எதுவாக இருக்கும் என்பதே என் கேள்வி. பெரிய நிறுவனம் ஒன்றை முதலில் கொண்டுவந்துவிட்டால் சிறு நிறுவனங்கள் தாமாகப் பின்தொடரும் என்று குழுவில் ஒரு சாராரும், சிறு நிறுவனங்கள் இல்லாத இடத்துக்குப் பெரிய நிறுவனம் வராது என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். துறையில் பட்டறிவு உள்ளவர்கள் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நிதிக்கண் எழுதியது:

சலுகை பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொண்டு எதை வாங்க முடியும், எதை வாங்க முடியாது என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வரலாற்றை எல்லோரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். போயிங் 787 விமானத்தின் இறுதிப் பொருத்துதல் எவரெட் நகரில் நடைபெற வேண்டும் என்பதற்காக, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 320 கோடி டாலர் மதிப்புள்ள வரிச்சலுகையை அம்மாநிலம் 2003-இல் வழங்கியது. பொருத்துதல் அங்கேதான் தொடங்கியது. எனினும் 2009 அக்டோபரில், அதே விமானத்தின் இரண்டாவது பொருத்துதல் வரிசைக்குத் தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனை நிறுவனம் தேர்ந்தெடுத்தது. 2013-இல் 777எக்ஸ் என்ற புதிய விமானத்தின் பணியும் கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி அச்சலுகைகளை 2040 வரை நீட்டித்தது. அதன் மதிப்பு 870 கோடி டாலர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அந்தச் சட்டத்தில் 777எக்ஸ் பணி மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததே தவிர, எத்தனை பேர் வேலையில் இருக்க வேண்டும் என்ற வரையறை இல்லை. ஆகவே அடுத்து வந்த ஆண்டுகளில் நிறுவனம் அங்கே ஆட்களைக் குறைத்தபோது மாநிலத்தால் கேள்வி கேட்க முடிந்ததே ஒழிய, பணத்தைத் திரும்பக் கேட்க முடியவில்லை. உலக வணிக அமைப்பில் ஐரோப்பியத் தரப்புடன் நடந்த நீண்ட வழக்கின் விளைவாக 2020-இல் அந்தச் சலுகை வரிவிகிதத்தை மாநிலமே விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில், 787 உற்பத்தி முழுவதையும் தென் கரோலினாவில் ஒருங்கிணைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

தென் கரோலினா 2009-இல் வழங்கிய சலுகைக்கு, ஏழு ஆண்டுகளில் 75 கோடி டாலர் முதலீடும் குறைந்தது 3,800 வேலைகளும் என்று எண்ணாகவே நிபந்தனை வைத்தது. உங்கள் வரைவில் சலுகை இடம்பெறட்டும். ஆனால் எத்தனை வேலை, எந்தத் தேதிக்குள், தவறினால் எந்த விகிதத்தில் திரும்பச் செலுத்துவது என்ற மூன்றும் இல்லாத சலுகைப் பத்தி எதையும் குழு ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசல்காரர் எழுதியது:

கணினி வழி இயங்கும் எந்திரங்களால் உலோகத்தைக் கடையும் சிறிய சிஎன்சி கூடம் நடத்துபவன் நான். ஆகவே கீழிருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன். இறக்கைக்குள் ஒரு குழாயைத் தாங்கிப் பிடிக்கும், உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்திரத்தில் அதைக் கடைவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தத் தாங்கி விமானத்தில் ஏற வேண்டுமென்றால் உலோகத்துக்கு ஆலைச் சான்று வேண்டும். கடைசல் முடிந்ததும் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று சாயத் திரவம் பூசிப் பார்க்கும் பெனிட்ரன்ட் சோதனை நடக்க வேண்டும். அதன்பின், அரிப்பைத் தடுக்க மின்வேதி முறையில் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உருவாக்கும் ஆனோடைசிங், அதற்கு மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, இறுதியில் மீண்டும் அளவுச் சோதனை. ஒவ்வொரு படியிலும் பாகத்துடன் பயணிக்கும் செயல்முறை அட்டையில் பொறுப்பாளரின் முத்திரை விழ வேண்டும். முதல் பாகத்துக்கு வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் எண்ணிட்டு அறிக்கை தர வேண்டும்.

எங்கள் பகுதியில் கடைசலுக்கு ஆட்களும் எந்திரங்களும் இருக்கின்றன. சான்று பெற்ற ஆனோடைசிங் கூடம் இல்லை. அதனால் தாங்கி வேறொரு தொழில்நகரத்துக்குப் போய், அங்கே பெரிய வாடிக்கையாளர்களின் பாகங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. வழியில் ஒரு பெட்டி நசுங்கினால் தொகுதி முழுவதும் போய்விடும். வெளிநாட்டுக் கொள்முதல் அதிகாரி ஒருவர் எங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது எந்திரங்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை, "இந்தப் பாகம் எங்கள் கிடங்குக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கை மாறும்?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்ன விடையைக் குறித்துக்கொண்டு போனவர் ஆர்டர் தரவில்லை. என் எந்திரங்களுக்கு அரசு எவ்வளவு மானியம் கொடுத்திருந்தாலும் அந்த விடை மாறியிருக்காது.

உலைத்தணிக்கை எழுதியது:

கடைசல்காரர் தொட்ட இடம்தான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். விமானத் துறையில் சில வேலைகளுக்குச் சிறப்புச் செயல்முறைகள் என்று பெயர்: வெப்பப் பதனிடல், வெல்டிங், முலாம் பூசுதல், ஆனோடைசிங், சிதைக்காமல் சோதித்தல் போன்றவை. பாகத்தை வெட்டிப் பார்த்தாலொழிய வேலை சரியாக நடந்ததா என்று தெரியாது என்பதால், பாகத்துக்குப் பதிலாகச் செயல்முறைக்கே சான்றளிக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தணிக்கை செய்துகொண்டிருந்த நிலையை மாற்றி, 1990-இல் நாட்கேப் என்னும் கூட்டுச் சான்று முறை உருவானது. ஏஎஸ்9100 சான்று ஒரு நிறுவனத்தின் தர மேலாண்மையைப் பற்றிப் பேசுகிறது. நாட்கேப் அந்தக் குறிப்பிட்ட உலையையும் தொட்டியையும் சோதனை மேசையையும் பற்றிப் பேசுகிறது. முன்னதைப் பெற்ற கூடங்கள் பல இடங்களில் உண்டு. பின்னதைப் பெற்றவை குறைவு.

ஓர் உலையைத் தணிக்கை செய்யப் போனால் அதன் விலையையோ தோற்றத்தையோ நான் பார்ப்பதில்லை. வெறும் உலைக்குள் பல மூலைகளில் தெர்மோகப்பிள் என்னும் வெப்பமானிக் கம்பிகளை வைத்து எடுத்த வெப்பச் சீர்மை ஆய்வின் வரைபடத்தைத்தான் முதலில் கேட்பேன். அலுமினியக் கலவையைப் பதனிடும் உலையில் எந்த மூலையும் குறித்த வெப்பநிலையிலிருந்து பொதுவாக ஆறு பாகை செல்சியஸுக்கு மேல் விலகக் கூடாது. பிறகு அந்தத் தெர்மோகப்பிள் கம்பிச் சுருளின் அளவுத்திருத்தச் சான்று எங்கே, அதைத் திருத்திய ஆய்வகத்துக்குச் சான்று உண்டா என்று சங்கிலி நீளும். புதிய வட்டாரங்களில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அறுந்துபோகிறது: உலை இருக்கும், அதை அளக்கும் கருவியைச் சரிபார்க்கும் ஆய்வகம் இருக்காது. சிறு நிறுவனம் ஒன்று தனக்கென்று அத்தகைய ஆய்வகத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வட்டாரம் வைத்துக்கொள்ள முடியும்.

ஆனோடைசிங் கூடத்துக்கு வேறு சிக்கல். அங்கே கழிவுநீர்தான் முதல் கேள்வி. பழைய முறையில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. ஐரோப்பாவில் ரீச் என்னும் வேதிப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் அனுமதியின்றி அதைப் பயன்படுத்த முடியாது. இப்போது புதிதாகத் தொடங்கும் வட்டாரம் டார்டாரிக்–சல்ஃப்யூரிக் அமில முறை போன்ற மாற்றுகளிலிருந்தே தொடங்கலாம் என்பது, தாமதமாக வருபவருக்குக் கிடைக்கும் அரிய ஆதாயம். எப்படியிருந்தாலும் சுத்திகரிப்பு நிலையமும் தடைபடாத மின்சாரமும் வேண்டும். பதனிடும் சுழற்சியின் நடுவில் மின்சாரம் போனால் உலைக்குள் இருக்கும் தொகுதியின் கதி என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தியாவின் பெலகாவியில் ஏக்வஸ் நிறுவனம் அமைத்த சிறப்புப் பொருளாதார மண்டலத்தை உங்கள் குழு பார்க்க வேண்டும். அது பெருநகரம் அன்று. ஆயினும் உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் ஃபோர்ஜிங், கடைசல், மேற்பரப்புப் பதனிடல், பொருத்துதல் ஆகியவை ஒரே வளாகத்துக்குள் அமைக்கப்பட்டன. கடைசல்காரரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அங்கே தரக்கூடிய விடை வேறு.

எதிர்ப்பக்கம் எழுதியது:

நண்பர்கள் எல்லோரும் ஒரே திசையில் செல்வதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்றைத் தொடர்ந்து துரத்துவதும் பலன் தரும். அலபாமாவின் மொபைல் நகரத்துக்கு 2008 பிப்ரவரியில் பெரிய வாய்ப்பு கிடைத்தது: அமெரிக்க விமானப்படையின் எரிபொருள் நிரப்பும் விமான ஒப்பந்தத்தை நார்த்ராப் கிரம்மனும் ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனமான ஈஏடிஎஸ்ஸும் சேர்ந்து வென்றன, விமானங்கள் மொபைலில் பொருத்தப்படும் என்று முடிவாகியிருந்தது. போயிங் முறையிட்டது, முடிவு நீக்கப்பட்டது, 2011-இல் ஒப்பந்தம் போயிங்குக்கே சென்றது. அத்துடன் கைவிட்டிருந்தால் அந்நகரத்தின் பெயரை இங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் 1969-இல் மூடப்பட்ட புரூக்லி விமானப்படைத் தளம், அதன் நீண்ட ஓடுபாதை, பக்கத்திலேயே கப்பல் துறை ஆகியவை அப்படியே இருந்தன. ஏர்பஸ் 2007-இலேயே அங்கே ஒரு பொறியியல் மையத்தையும் திறந்திருந்தது. 2012 ஜூலையில் ஏ320 குடும்ப விமானங்களைப் பொருத்தும் 60 கோடி டாலர் ஆலையை ஏர்பஸ் அறிவித்தது. 2015 செப்டம்பரில் ஆலை திறக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் முதல் விமானம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் ஏ220 வரிசையும் வந்தது. பதனிடல் கூடங்களின் சங்கிலி முழுமையடையட்டும் என்று மொபைல் காத்திருக்கவில்லை.

கடைசல்காரர் எழுதியது:

எதிர்ப்பக்கம் ஐயாவுக்கு ஒரு சிறு கேள்வி. மொபைலில் பொருத்தப்படும் ஏ320 விமானத்தின் உடற்பகுதிகளும் இறக்கைகளும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகின்றன. ஆலை வந்தது, நல்ல வேலைகளும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் இறுதிப் பொருத்துதல் என்பது முடிந்த பெரும்பகுதிகளை இணைக்கும் வேலை. அங்கே ஒரு பொருத்துதல் வரிசை இருப்பதாலேயே பக்கத்துத் தெருக் கடைசல் கூடத்துக்குத் தாங்கி செய்யும் ஆர்டர் வந்துவிடாது. ஆர்டரை முடிவுசெய்வது வேறொரு நாட்டில் உள்ள கொள்முதல் மேசை.

எதிர்ப்பக்கம் எழுதியது:

சிறு கூடங்களுக்கு ஆர்டர் வரவில்லை என்பதற்காகப் பெரிய ஆலை வேண்டாம் என்று ஆகிவிடாது. அது வந்தபின் விமானப் பராமரிப்பு, கருவி வாடகை, பயிற்சி, சரக்குக் கையாளுதல் என்று சுற்றிலும் உருவாகும் வேலைகளுக்கு நாட்கேப் சான்று தேவையில்லை. இருந்தாலும், ஆலையைக் காட்டிச் சிறு நிறுவனங்களுக்கு உறுதிமொழி தரக் கூடாது என்ற அளவில் உங்களுடன் உடன்படுகிறேன்.

பாடத்திட்டம் எழுதியது:

ஆட்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தொழில் வருவதற்கு முன் பள்ளியா, வந்த பின் பள்ளியா என்ற கேள்விக்கு இருவகை விடைகளும் வரலாற்றில் உண்டு. பிரேசிலில் ஐடிஏ என்ற வானூர்திப் பொறியியல் கல்வி நிறுவனம் 1950-இல் சாவ் ஜோசே டோஸ் கம்போஸ் நகரில் அமைந்தது. அதே நகரில் எம்ப்ரேயர் விமான நிறுவனம் தொடங்கப்பட்டது 1969-இல். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே பொறியாளர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள், அவர்களை முழுவதும் பயன்படுத்தும் ஆலை இல்லாமலே. பிரான்சின் துலூஸ் நகரில் விமானத் தொழில் முன்பே வேரூன்றியிருந்தது. ஆயினும் பிரெஞ்சு அரசு 1968-இல் சுபயேரோ, எனாக் ஆகிய வானூர்தி உயர்கல்வி நிறுவனங்களைப் பாரிஸ் பகுதியிலிருந்து அங்கே கொண்டுசென்றதற்குப் பின்னரே அது இன்றுள்ள நிலைக்கு வளர்ந்தது. இவை தேசிய அரசுகளின் பொறுமையும் பணமும் உள்ள வழிகள். ஒரு வட்டார அமைப்பால் இப்படிக் காத்திருக்க இயலாது.

உங்கள் அளவுக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு மெக்சிகோவின் கேரெத்தாரோ. கனடாவின் பம்பார்டியே விமான நிறுவனம் அங்கே 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது மின்கம்பிக் கட்டுகள் போன்ற எளிய பகுதிகளிலிருந்தே தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு மாநிலத்தில் வானூர்திப் பல்கலைக்கழகமொன்று நிறுவப்பட்டது. நிறுவனம் கேட்ட தொழிலாளரை உருவாக்குவதே அதன் முதல் பணியாக இருந்தது. மொரோக்கோவின் காசாபிளாங்காவிலும் 2011-இல் திறக்கப்பட்ட வானூர்தித் தொழில் பயிற்சி நிலையத்தை அந்நாட்டு விமானத் தொழில் சங்கமே நடத்துகிறது. எந்தப் பாடம், எத்தனை பேர், எந்த மாதம் என்பதை வேலைக்கு எடுப்பவர்களே முடிவுசெய்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதைத் தொழிற்பயிற்சி ஆசிரியனாகச் சொல்கிறேன்: பட்டதாரிப் பொறியாளர்களைப் பற்றி அறிக்கைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, ஆனால் ஒரு வட்டாரத்தில் உண்மையில் கிடைக்காதவர்கள் வேறு ஆட்கள். சிதைக்காமல் சோதிக்கும் முறையில் இரண்டாம் நிலைச் சான்று பெற்ற சோதனையாளர், தகட்டில் ரிவெட் அடித்தபின் தானே குறையைக் கண்டு சொல்லும் பொருத்துநர், ஐந்து அச்சு எந்திரத்தில் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர் வடிவமைக்கத் தெரிந்தவர் ஆகியோரே அவர்கள். சோதனையாளருக்கு வகுப்பறை மணிநேரம் மட்டும் போதாது. சான்று பெற்றவரின் மேற்பார்வையில் வேலை செய்த மணிநேரமும் கணக்கில் வர வேண்டும். மேற்பார்வையிட ஆளே இல்லாத வட்டாரத்தில் முதல் சோதனையாளர் எப்படி உருவாவார்? வெளியிலிருந்து சிலரைச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்து, பயிற்சி நிலையத்தில் அமர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கான செலவை உங்கள் வரைவில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

ஆய்வுக்குறிப்பு எழுதியது:

எழுதவில்லை, சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பதனிடல் கூடமும் ஆய்வகமும் பயிற்சி நிலையமும் அமைந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், நிறுவனங்களை எந்தக் காலத்தில், யாரிடம் சென்று அணுகுவது? அடுத்து, ஒரே வாடிக்கையாளரை நம்பி வட்டாரம் முழுவதும் அமைந்துவிடும் ஆபத்தை எப்படித் தவிர்ப்பது?

கொள்முதல்மேசை எழுதியது:

பல ஆண்டுகள் விமானப் பாகங்களின் கொள்முதலில் இருந்தவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு விடை தர முயல்கிறேன். போயிங் 737 முதலில் பறந்தது 1967-இல். ஏ320 பறந்தது 1987-இல். இரண்டு குடும்பங்களும் இன்றும் உற்பத்தியில் உள்ளன. ஆகவே முற்றிலும் புதிய விமானம் தொடங்கும்போது சப்ளையர்களைத் தேர்ந்தெடுக்கும் கதவு ஒரு தலைமுறைக்குச் சில முறைகளே திறக்கும். மற்றக் காலங்களில், ஒரு பாகத்தைப் பழைய சப்ளையரிடமிருந்து புதியவரிடம் மாற்றுவது கொள்முதல் அதிகாரிக்குத் தலைவலியே: மீண்டும் முதல் பாக அறிக்கை, மீண்டும் தணிக்கை, மாதாந்திர உற்பத்தி நிற்குமோ என்ற அச்சம். விலையில் சிறு விழுக்காடு குறைகிறது என்பதற்காக அவர் அந்தத் தலைவலியை வாங்கிக்கொள்ள மாட்டார். உற்பத்தி வேகத்தை உயர்த்த வேண்டியிருந்து பழைய சப்ளையரால் இயலாதபோதும், அவர் தடுமாறும்போதும், இரண்டாவது ஆதாரம் வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தும்போதும் மட்டுமே கொள்முதல் அதிகாரி வெளியே பார்ப்பார்.

அப்படி அவர் பார்க்கும் நாளில் உங்கள் கூடம் சான்றுடன் இருக்க வேண்டும். அன்று விண்ணப்பித்தால் காலம் கடந்துவிடும். நாட்கேப் சான்றுக்குத் தயாராகி, தணிக்கை முடித்து, குறைகளைச் சரிசெய்து பெறுவதற்கே நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே வான்கண்காட்சிகளில் பெரிய அரங்கம் எடுத்து அமைச்சர்களுடன் படம் எடுத்துக்கொள்வதைவிட, விமானம் செய்யும் நிறுவனங்களுக்கு அடுத்த இரண்டாம் அடுக்கு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகளில் யார் எந்தப் பாக வகையைக் கவனிக்கிறார் என்று அறிந்த ஒருவரை வட்டார அமைப்பு சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது பயன் தரும். பெரிய பெயர்களின் கதவைத் தட்டுவோர் பலர்; இறங்கு சக்கர அமைப்பையும் இருக்கைகளையும் நீரழுத்தக் கருவிகளையும் செய்யும் இரண்டாம் அடுக்கைத் தேடிப் போவோர் குறைவு.

இரண்டாவது ஐயத்துக்கு அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக விமானம் செய்த அந்நகரத்தில் இருந்த தன் பாதுகாப்புப் பிரிவு ஆலையை மூடப்போவதாக 2012 ஜனவரியில் போயிங் அறிவித்தது. 737 மேக்ஸ் உற்பத்தி 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, அதன் உடற்பகுதியைச் செய்துவந்த ஸ்பிரிட் நிறுவனம் விச்சிட்டாவில் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது. உலகின் தலைசிறந்த திறமைத் திரட்சி உள்ள நகரங்களில் ஒன்றுக்கே இந்த நிலை. ஆயினும் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1985-இல் தொடங்கப்பட்ட வானூர்தி ஆய்வு நிறுவனம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை என்பதால், பலருக்கும் சோதனைப் பணிகளைச் செய்துகொண்டு நிலைத்து நிற்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பல்கலைக்கழகமும் போயிங்கும் சேர்ந்து 2001-இல் அமைத்த உற்பத்தி ஆய்வு மையமும் அத்தகையது. பிறகு ரோல்ஸ்-ராய்ஸ் உள்ளிட்ட பலரும் அதில் இணைந்தார்கள். போயிங் தன் முதல் ஐரோப்பிய உற்பத்தி ஆலையை 2018-இல் ஷெஃபீல்டில் திறந்தது. ஆய்வு மையம் தொடங்கியதற்கும் ஆலை வந்ததற்கும் இடைப்பட்ட காலத்தை உங்கள் குழுவில் அவசரப்படுவோருக்குக் காட்டுங்கள்.

நிதிக்கண் எழுதியது:

கொள்முதல்மேசையின் கருத்தோடு நிதி மொழியில் ஒரு வரி சேர்க்கிறேன். ஆலை போனாலும் வட்டாரத்தில் எஞ்சி நிற்பவற்றுக்குப் பொதுப்பணத்தை முதலில் செலவிடுங்கள். அளவுத்திருத்த ஆய்வகம், சுத்திகரிப்பு நிலையம், பயிற்சி நிலையம் ஆகியவை மருத்துவக் கருவி செய்பவருக்கும் வாகனத் தொழிலுக்கும்கூடப் பயன்படும். வரிச்சலுகைக்கு அந்தப் பண்பு இல்லை.

ஆய்வுக்குறிப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வரைவின் வரிசையை மாற்றுகிறேன்: அளவுத்திருத்த ஆய்வகமும் சிதைக்காச் சோதனைப் பயிற்சியும் முதலாண்டிலும், பொதுப் பதனிடல் கூடம் அடுத்தும், எண்ணும் காலமும் திரும்பப் பெறும் விகிதமும் கொண்ட சலுகை அதன்பின்னும் வரும். ஓர் இடத்தில் மட்டும் குழு தயங்கும் என்று நினைக்கிறேன். பதனிடல் கூடத்தை அரசே நடத்துவதா, தனியாரிடம் விடுவதா? அரசு நடத்தினால் சான்று நிலைக்குமா என்ற அச்சம் உள்ளது.

உலைத்தணிக்கை எழுதியது:

கட்டடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மின்சாரம் ஆகியவை வட்டார அமைப்பிடம் இருக்கட்டும். தொட்டிகளையும் ஆட்களையும் ஏற்கெனவே வேறோரிடத்தில் நாட்கேப் சான்றுடன் இயங்கும் பதனிடல் நிறுவனம் ஒன்றிடம் நீண்ட காலக் குத்தகைக்கு விடுங்கள். குத்தகையில் இரண்டு வரிகள் தவறக் கூடாது. வெளியார் பாகங்களை மறுக்காமல் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. இல்லாவிட்டால் முதல் பெரிய வாடிக்கையாளர் கூடம் முழுவதையும் எடுத்துக்கொள்வார், கடைசல்காரரின் தாங்கி மறுபடியும் வெளியூருக்கே போகும். சான்று இழந்தால் குறித்த காலத்துக்குள் மீட்க வேண்டும், இல்லையேல் குத்தகை முடியும் என்பது மற்றொன்று. தணிக்கை அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் உங்கள் அமைப்பின் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் இரண்டாவது வரிக்குப் பொருள் உண்டு.